எதிர்ச்சொல் கொடுத்து எழுதச் சொன்னபோது உங்களுக்கு என்ன வந்தது?

அரைப்பக்கம்:
எழுத்துப் பட்டறையில் ஆளுக்கொரு சீட்டு எடுக்கச் சொன்னார்கள். எனக்கு ‘இரைச்சல் × அமைதி’. பத்து நிமிடம்; இரண்டும் ஒரே பத்தியில் வர வேண்டும். எட்டு நிமிடம் வெறும் தாள்தான். அப்புறம் அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் ஞாபகம் வந்தது. மூன்று மாதம் அந்த இரைச்சலில்தான் வீடே தூங்கியது. ஒரு விடியற்காலை அது நின்றதும் எல்லோரும் பதறி எழுந்தோம். அம்மா சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல் நின்றிருந்தார். வாசிக்க என் முறை வந்தபோது தாளை மடித்து வைத்துவிட்டேன். ஆறு வருடமாக எழுத வராத விஷயம் அது.

கோடுதாள்:
படிக்கவே கனமாக இருந்தது. ஆனால் அதைப் பயிற்சியின் பலன் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்களுக்கு ‘ஏழை × பணக்காரன்’. பதினோரு பேரில் ஒன்பது பேர் கார் கண்ணாடிக்கு வெளியே ஒரு குழந்தையை நிறுத்தினோம், நானும்தான். அந்தக் குழந்தைக்குப் பேச ஒரு வார்த்தைகூட யாரும் கொடுக்கவில்லை என்பது வரிசையாக வாசித்தபோதுதான் உறைத்தது. அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. எதிர்ச்சொல் தேய்ந்த தடத்தில்தான் இழுத்துப் போகும்.

மைத்துளி:
கோடுதாள், கோளாறு அந்த ஜோடியில். எனக்கு ‘கோபம்’ மட்டும் கொடுத்து, எதிர்ச்சொல்லை நீயே தேடு என்றார்கள். ‘பொறுமை’ என்று எழுதி அடித்தேன். ‘அலட்சியம்’ என்று எழுதியதும், என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்ட தோழி கண்முன் வந்து நின்றாள்.

புதிதாக முயல்பவர்களுக்கு: இரண்டு சொல்லையும் இரண்டு ஆட்களுக்குப் பங்கு போடாதீர்கள், ஒரே ஆளுக்குள் வையுங்கள். எதற்கும் அஞ்சாதவள் எந்தக் கதவைத் தட்ட மட்டும் தயங்குவாள்? அந்தக் கதவிலிருந்து தொடங்குங்கள். எழுதி முடித்ததும் இரண்டு சொல்லையும் அடித்துவிட்டுக் காட்சி நிற்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. மோனை, எதுகையோடு முரணையும், அதாவது எதிரெதிர் சொற்களை இணைப்பதையும், ஒரு தொடையாக (செய்யுளைத் தொடுக்கும் முறையாக) வைத்திருக்கிறது நம் யாப்பு. புறநானூறு 194-இல் ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்க வைக்கிறார் புலவர்.

அரைப்பக்கம்:
சரி, மைத்துளி சொன்னபடி இரண்டு சொல்லையும் அடித்துப் பார்த்தேன். சுவிட்சும் அம்மா கையும் மிஞ்சின. அப்பா போன பிறகும் எவ்வளவு நேரம் மெஷினை ஓடவிட்டு எங்களைத் தூங்க வைத்திருந்தார் என்று அம்மாவிடம் நாங்கள் யாரும் இதுவரை கேட்கவில்லை.