13 வயதுப் பிள்ளைக்கு ஏற்ற தன்னார்வப் பணி?

கேள்வி: மகள் எட்டாம் வகுப்பு, சென்னை. கேட்ட இடமெல்லாம் "18 ஆகட்டும்" என்கிறார்கள். இப்போதே உருப்படியாக என்ன செய்யலாம்?

பதில் 1: தமிழ் விக்கிமூலம், அதாவது பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் எழுத்து வடிவில் ஏற்றும் இணைய நூலகம். கணக்கு தொடங்க வயது கேட்பதில்லை. பழைய நூலின் பக்கப் படத்தையும் எந்திரம் படித்த எழுத்தையும் ஒப்பிட்டுப் பிழை திருத்த வேண்டும். துணைக்காலும் 'ர'வும்தான் அதிகம் குழம்பும், முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள். திருத்தியதும் பக்கம் மஞ்சளாகும். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. தான் திருத்தியதைத் தானே பச்சையாக்க முடியாது. புதியவர்கள் பழைய நடையை இன்றைய தமிழாக்கிவிடுவார்கள். கூடாது, அச்சில் உள்ளபடியே இருக்கணும். பயனர்பெயரில் சொந்தப் பெயரோ பள்ளிப் பெயரோ வேண்டாம்.

பதில் 2: வெளியே போகப் பிடிக்குமா? ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். மொட்டைமாடியே போதும். குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்ற வேண்டும். காக்கையையும் மைனாவையும் விட்டுவிட்டு அரிய பறவையை மட்டும் எழுதினால் பட்டியல் முழுமையாகாது. காக்கை குறைகிறதா கூடுகிறதா என்பதும் தெரிய வேண்டிய சேதிதானே!

பதில் 3: பள்ளியில் இளம் செஞ்சிலுவைச் சங்கம் உண்டா என்று கேளுங்கள். நாட்டு நலப்பணித் திட்டம் மேல்நிலை வகுப்பில்தான்.