காற்றாலையா, சோலாரா? ஒன்பதாம் வகுப்பை எப்படிக் கணக்குப் போட வைப்பது?

அல்சூர் டீச்சர்:
அறிவியல் மன்றத்துக்கு ஒரு செயல்திட்டம்: பெங்களூரில் எங்கள் ஏரியாவுக்கு எது ஒத்துவரும்? டேபிள் ஃபேன் முன்னால் குட்டிக் காற்றாடி, பல்பு வெளிச்சத்தில் சோலார் தகடு, இரண்டிலும் வோல்ட் அளப்பது என்றுதான் கையேடுகளில் இருக்கிறது. இதை வைத்துப் பிள்ளைகள் முடிவு சொல்லலாமா? மல்டிமீட்டரும் மொட்டைமாடியும் கைவசம் உண்டு.

ஓம்விதி:
கூடாதுங்க. ஃபேனை ஒரு நம்பர் கூட்டி வைத்தால் காற்று ஜெயிக்கும், பல்பைக் கிட்டே கொண்டுபோனால் சோலார் ஜெயிக்கும். ஊரைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. தகட்டை வெயிலில் வையுங்கள்.

வெறும் வோல்ட்டும் ஏமாற்றும். 6 வோல்ட் தகடு மங்கிய வெயிலிலும் ஏறக்குறைய அதே வோல்ட்டைக் காட்டும், விழுவது மின்னோட்டம்தான். தகட்டின் இரு முனைகளுக்கு நடுவே ரெசிஸ்டர் (மின்தடை; ஓமில் அளப்பது) போட்டு வோல்ட் அளந்து, அதன் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் வாட். 1 வாட் தகட்டுக்கு 10 முதல் 100 ஓம் வரை மாற்றிப் பாருங்கள்; நல்ல வெயிலில் 36 ஓம் பக்கத்தில் உச்சம் வரும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் 2 வாட் ரெசிஸ்டராகக் கேட்டு வாங்குங்கள், கால் வாட் பொசுங்கிவிடும்.

மும்மடங்கு:
காற்றுக்கு மாடல் செய்வதைவிடக் கணக்கே மேல். பொம்மை மோட்டார் மெதுவாகச் சுற்றினால் வோல்ட்டே வராது. பிள்ளைகள் காற்றைக் குறை சொல்லிவிடுவார்கள்.

1 மீட்டர் விட்டமுள்ள காற்றாடியின் பரப்பு 0.785 சதுர மீட்டர். நம் ஊர் 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.07 கிலோ என்று வைக்கலாம் (கடலோரத்தில் 1.2). காற்றின் வாட் = 0.5 × அடர்த்தி × பரப்பு × வேகத்தின் கனம் (வேகம் × வேகம் × வேகம்). வேகம் வினாடிக்கு 3 மீட்டர் என்றால் 0.5 × 1.07 × 0.785 × 27 = 11.3 வாட். இதில் 30 சதவீதம் கிடைத்தாலே பெரிது: 3.4 வாட். நாள் முழுக்க விடாமல் வீசினாலும் 0.08 யூனிட். நிழல் விழாத 1 சதுர மீட்டர் சோலார் பேனல் நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 0.8 யூனிட் தரும்.

ஆனால் இது உங்கள் தெருவுக்கான விடை. சித்ரதுர்கா மலைமுகட்டில் வேகம் 6 ஆனால் அதே காற்றாடி எட்டு மடங்கு தரும். அதையும் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காற்றாலையே வீண் என்று நினைத்துவிடுவார்கள்.

பில்_பார்வை:
தேவை எவ்வளவு என்பதை விட்டுவிட்டீர்களே! வீட்டு மீட்டரை மாலை 6 மணிக்கும் காலை 6 மணிக்கும் குறித்துவரச் சொல்லுங்கள். ராத்திரி யூனிட்டுக்கு சோலார் நேரடியாக உதவாது. பேட்டரியோ கிரிட்டோ (பொது மின்சார லைன்) வேண்டும். ஜனவரியில் மட்டும் அளந்தால் காற்றுக்கு அநியாயம், ஜூலையில் மட்டும் என்றால் சோலாருக்கு.

அல்சூர் டீச்சர்:
காற்றின் வேகத்தை அளக்க அனிமோமீட்டர் வாங்கணுமா?

மும்மடங்கு:
கையடக்கமானது போதும். கம்பில் கட்டி, கைப்பிடிச் சுவருக்கு மேலே நன்றாகத் தூக்கிப் பிடிக்கணும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றால் சுழல் காற்றுதான் கிடைக்கும். வேகங்களின் சராசரியை எடுத்து அதைக் கனம் ஆக்காதீர்கள். பாதி நேரம் 2, பாதி நேரம் 6 என்றால் சராசரி 4, அதன் கனம் 64. தனித்தனியாகக் கனம் எடுத்தால் 8, 216. இவற்றின் சராசரி 112. கணக்கில் போடவேண்டியது 112.