தலைநிமிர் காட்சியா, கடைக்கண்காட்டியா?

அனுப்பியது: திருப்பூர்
பொருள்: கடலில் முங்கறப்போ போடும் மாஸ்க்கில் மாட்டும் ஹெட்ஸ்-அப் டிஸ்ப்ளே, அதாவது எச்.யு.டி.க்குத் தமிழ்ச்சொல் வேணுமுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க.

கடலே இல்லாத சீமையிலிருந்து கடல்சாமானுக்குப் பேர் கேக்கறேன்னு சிரிக்காதீங்க. முதுகில் சுரைப்புருடை கட்டி 60 அடிக் கிணற்றில் நீந்திப் பழகினவன் நான். அதே 60 அடி, அதாவது 18 மீட்டர்தான் ஸ்கூபாவில், அதாவது முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக் கடலில் முங்குவதில், முதல்நிலைச் சான்றிதழ் வாங்கினவர்களுக்குச் சொல்லும் ஆழம். ஆழம் நமக்குப் புதுசில்லை. ஆழத்தைக் காட்டுகிற கருவிதான் புதுசு.

இத்தனை நாளும் மணிக்கட்டில் இருந்த டைவ் கம்ப்யூட்டர் இப்போது மாஸ்க்குக்கு ஏறிவிட்டது. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், வழியில் நிறுத்தம் போடாமல் மேலே வர இன்னும் எத்தனை நிமிஷம் பாக்கி, சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம், எல்லாம் கண் முன்னாலேயே தெரியும். ஸ்கூபாப்ரோ கம்பெனியின் கலிலியோ எச்.யு.டி. அப்படி ஒன்று. பொழுதுபோக்குக்கு முங்குகிற என்னைப்போல ஆட்களுக்கு இது தேவையா என்று ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். தலைப்பிலேயே வண்டி நின்றுவிட்டது. ஹெட்ஸ்-அப் டிஸ்ப்ளேக்கு என்னங்க போடுவது? டைவ் கம்ப்யூட்டரை "நீர்மூழ்கிக் கணினி" என்று எழுதிப் பார்த்தேன், கடற்படைக் கப்பலுக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் மாதிரி இருக்குது.

அனுப்பியது: சூலூர்

அண்ணா, இதுக்கு எங்க ஊர்லயே விடை பறந்துட்டு இருக்குதுங்க. 2018இல் விமானப்படையின் 45ஆம் படையணி இங்கே வந்ததிலிருந்து தேஜஸ் போர்விமானச் சத்தம் கேட்டுத்தான் எங்களுக்குப் பொழுது விடியுது, 2020இல் 18ஆம் படையணியும் சேர்ந்துகிச்சு. விமானி முன்னால சாய்வா ஒரு கண்ணாடித் தகடு இருக்கும், சண்டிகர்ல இருக்கிற சி.எஸ்.ஐ.ஓ.ங்கிற மத்திய அறிவியல் கருவி நிறுவனம் உருவாக்கினது. குனிஞ்சு மீட்டரைப் பார்க்காம, தலை நிமிர்ந்தபடியே வேகமும் உயரமும் பார்த்துக்கலாம். அதனால "தலைநிமிர் காட்சி". 2022இல் வந்த பலேனோ காரிலும் அதேதான். ஒரே சொல்லை எல்லாத்துக்கும் போட்டுரலாமே?

அனுப்பியது: கோபி

தம்பிக்கு, காட்சி என்பது காணப்படுவது. கருவிக்கு அது ஆகாது. நம்மிடம் திசைகாட்டி, நாள்காட்டி, வழிகாட்டி என்று ஒரு குடும்பமே இருக்க, புதுப்பிள்ளையை மட்டும் ஏன் வெளியே நிறுத்த வேண்டும்? "நிமிர்காட்டி" எனலாம். நிமிர்வது ஆள்தானே, காட்டி இல்லையே என்று யாராவது கேட்பீர்கள். குடிநீரில் நீரா குடிக்கிறது? வினைத்தொகை அதற்கெல்லாம் இடம் கொடுக்கும்.

டைவ் கம்ப்யூட்டருக்கு "முக்குளிப்புக் கணினி" சரிதான். ஆனால் அதை மாட்டிக்கொள்பவரை முக்குளிப்பான் என்று எழுதிவிடாதீர்கள். அது சிங்காநல்லூர்க் குளத்தில் நீந்தும் பறவை.

அனுப்பியது: கோவை

ஐயாவின் "காட்டி"யை இரண்டு கையும் ஏந்தி வாங்கிக்கொள்கிறேன். "முக்குளிப்பு" எழுத்துக்குச் சரி, பேச்சில் "முங்குகணினி" என்றே சொல்லிக்கொள்வோம், கிணற்று மேட்டில் யாரும் முக்குளித்ததில்லை. எனக்கு உறுத்துவது "நிமிர்".

தண்ணிக்குள் யாருங்க நிமிர்கிறார்கள்? முங்குகிறவர் மீன் மாதிரிப் படுத்தவாக்கில் போகிறார். மணிக்கட்டைப் பார்க்க அவர் குனிவதும் இல்லை, கையைத்தான் முகத்துக்கு நேரே கொண்டுவருகிறார். விமானிக்கு இந்தக் கருவியால் மிச்சமாவது கழுத்து வேலை. இவருக்கு மிச்சமாவது கை வேலை. பெயரில் தலையை வைத்தால் இல்லாத பயனைச் சொல்லி விற்ற மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, இரண்டும் ஒரே சாமானே கிடையாது. தேஜஸில் இருப்பது ஒளி ஊடுருவும் தகடு. அதில் விழும் எழுத்தின் கதிர்களை இணையாக்கி அனுப்புவதால் எழுத்து தொடுவானத்தில் ஒட்டிவைத்தது போல நிற்கும். வெளியே பார்க்கிற அதே பார்வையில் எண்ணும் தெரியும், கண் குவியம் மாற்ற வேண்டியதில்லை. மாஸ்க்கில் மாட்டுவதோ விரல் நுனி அளவு ஓ.எல்.ஈ.டி. திரை, அதன் முன்னால் ஒரு லென்ஸ். படம் சுமார் ஒரு மீட்டர் தள்ளி மிதப்பது போலத் தெரியும், ஆனால் அதன் ஊடே கடல் தெரியாது. அந்த இடத்தை அது மறைத்துக்கொண்டுதான் இருக்கும். 2000களிலேயே ஓஷியானிக் கம்பெனி டேட்டாமாஸ்க் என்று ஒன்று விட்டது, அதில் திரையை மாஸ்க்கின் கீழ் ஓரத்திலேயே பதித்திருந்தார்கள். ரீபிரீதர்காரர்கள் (விட்ட மூச்சையே சுத்தம்செய்து திரும்ப இழுக்கும் கருவியோடு முங்குகிறவர்கள்) வாய்ப்பகுதியில் மாட்டிக்கொள்ளும் ஷியர்வாட்டர் நெர்டும் இதே சாதி. அதன் ஆங்கிலப் பெயரின் விரிவிலே தலை இல்லை, "கண்ணருகே" என்றுதான் இருக்கிறது. கம்பெனிக்காரனே ஒப்புக்கொண்ட பிறகு நாம் ஏன் தலையைப் பிடித்துத் தொங்க வேண்டும்?

இதை எல்லாரும் பார்ப்பது ஒரே விதமாகத்தான். நேரே மீனைப் பார்த்துக்கொண்டே கண்ணை ஓரமாக ஒரு ஓட்டு ஓட்டி, எண்ணைப் பார்த்து, திரும்ப மீனுக்கு வருவார்கள். தமிழில் அந்தப் பார்வைக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. எனவே தேஜஸுக்கும் காருக்கும் "ஊடுகாட்டி", மாஸ்க்குக்கு "கடைக்கண்காட்டி".

பெயர் இப்படிப் பிரிந்ததும் திருப்பூர் அண்ணன் கேட்ட கேள்விக்கும் பாதி விடை வந்துவிடுகிறது. கடைக்கண் பார்வை யாருக்குத் தேவை? இரண்டு கையும் வேலையாக இருப்பவருக்கு. காமிரா பிடித்தவருக்கு. ஒரு கையில் மிதவைக் கயிறு, மறு கையில் சுருள் என்று நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் ஏறி, 5 மீட்டரில் 3 நிமிஷம் நிற்க வேண்டியவருக்கு. கை நீட்டினால் கையே தெரியாத கலங்கல் தண்ணியில் இறங்குகிறவருக்கு. இவர்களுக்குக் கொடுத்த காசு தகும். வழிகாட்டி பின்னாலேயே 12 மீட்டரில் பவளப்பாறை பார்த்துவிட்டு வருகிறவருக்குக் கை சும்மாதானே கிடக்கிறது? ஒன்றிரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்தால் ஆயிற்று. விலையோ சாதா மணிக்கட்டுக் கணினியைப் போலப் பல மடங்கு.

விலையை விடுங்க, எனக்குப் பெரிய குறை வேறே. மணிக்கட்டில் இருந்தால் கூட முங்குகிற துணையாள் என் கையைப் பிடித்துத் திருப்பி எண்ணைப் பார்த்துக்கொள்ள முடியும். பயிற்சியாளர்கள் அதைத்தான் செய்கிறார்கள். கடைக்கண்காட்டியில் தெரிவது எனக்கு மட்டும். மாஸ்க் கழன்றால் பார்வையோடு கணினியும் போச்சு. அப்புறம், எண் எப்பவும் கண்ணெதிரே இருந்தால் கவனம் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். 1980இல் நாசா ஏம்ஸ் மையம் விமானிகளைப் பாவனைப் பறப்பில் ஊடுகாட்டி வைத்துத் தரையிறங்கச் சொன்னபோது, ஓடுபாதையில் குறுக்கே நின்ற விமானத்தையே சிலர் கவனிக்கவில்லை. தகட்டில் இருந்த எண்களைச் சுத்தமாகப் பார்த்திருக்கிறார்கள். கடலில் அந்த விமானத்தின் இடத்தில் நம் துணையாள் இருப்பார்.

அனுப்பியது: திருப்பூர்

கடைக்கண் காட்டறது அம்மனும் அம்மிணிகளும் மட்டும்தான்னு இருந்தேன், கம்பெனிக்காரனும் காட்டறானாக்கும். விளையாட்டுக்குச் சொன்னேன், சொல் புடிச்சிருக்குதுங்க.

ஆனா ஒன்று விட்டுட்டீங்க. எனக்கு 50 தாண்டியாச்சு. போன தடவை புதுச்சேரியில் இறங்கினப்போ சிலிண்டர் காற்றின் அழுத்தம் மணிக்கட்டில் 80 பாரா 60 பாரா என்றே தெரியவில்லை. 50 பாருக்கு மேலேறி இருக்கணும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கையைத் தள்ளிப் பிடித்தேன், இன்னும் தள்ளினேன், கை தீர்ந்துபோச்சு. பக்கத்தில் இருந்த பையனிடம் காட்டிக் கேட்கிற மாதிரி ஆயிற்று. அதனால்தான் இந்த யோசனையே வந்தது. வெள்ளெழுத்துக்காரனை உங்க பட்டியலில் சேர்ப்பீங்களா?

அனுப்பியது: கோவை

கட்டாயம் சேர்க்கணும், என் தப்புதான். அதுவும் தண்ணிக்குள் வெள்ளெழுத்து ஒரு படி கூடத்தான் படுத்தும். மாஸ்க் வழியே பார்க்கும்போது எல்லாம் முக்கால் தூரத்தில் இருப்பதாகத் தெரியும். 40 சென்டிமீட்டரில் பிடித்த கையை 30இல் இருப்பது போலக் கண் குவிக்க வேண்டும். எழுத்து மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிந்தாலும் மங்கலாகவே இருக்கும். கடைக்கண்காட்டியில் படம் ஒரு மீட்டரில் நிற்பதால் உங்களுக்கு அது தெளிவாகத் தெரியும். காமிராக்காரரைவிட உங்களுக்குத்தான் அது நியாயமான சாமான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனாலும் வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்க. மாஸ்க் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் உள்பக்கமாக ஒட்டும் வாசிப்பு லென்ஸ் கிடைக்கிறது, விலை கொஞ்சம்தான். மணிக்கட்டுக் கணினியை அதன் வழியாகப் படிக்கலாம், துணையாளும் பார்த்துக்கொள்ளலாம்.

அனுப்பியது: கோபி

விக்சனரி இணைய அகராதியில் ஏற்றுமுன் ஒரு சொல். மண் + குடம் = மட்குடம் என்பது நன்னூல் வழி. அந்தக் கணக்கில் வேற்றுமைப் புணர்ச்சிக்குக் "கடைக்கட்காட்டி" என்றுதான் வரவேண்டும்.

அனுப்பியது: சூலூர்

ஐயா, அதை ரேடியோல சொன்னா, "கட்"டுன்னு காதுல விழுந்து என்னமோ அறுந்துபோச்சுன்னு விமானி பாராசூட்டை எடுத்து மாட்டிக்குவாருங்க.

அனுப்பியது: கோபி

வீட்டில் நானும் மண்குடம் என்றுதான் சொல்கிறேன். "கடைக்கண்காட்டி" என்றே ஏற்றுங்கள். ஊடுகாட்டிக்குத் தனிப் பதிவு போட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு இணைப்புக் கொடுத்துவிடுங்கள்.

அனுப்பியது: திருப்பூர்

நானே ஏத்தீடறனுங்க. கட்டுரைத் தலைப்பையும் மாத்தியாச்சு. ஒட்டு லென்ஸ் இந்த வாரம் வருது, முதல்ல அதைப் போட்டு இறங்கிப் பார்க்கறேன். அதுக்கும் ஒரு பேர் இருந்தா சொல்லுங்க ஐயா.