1967 பதிவா, 1969 வெளியீடா: ‘ஜ தெம்’ யாருடைய பாடல்?

இசைத்தட்டுப் பிரியன்:
பிரெஞ்சுப் பாடலாசிரியர், பாடகர் செர்ஜ் கெய்ன்ஸ்பூரின் ‘ஜ தெம், முவா நொன் ப்ளு’ என்ற பிரெஞ்சுக் காதல் பாடல் ஆங்கிலேய நடிகை, பாடகி ஜேன் பர்க்கினின் பாடல் என்று மாலைராகம் நேற்று எழுதியிருப்பதைப் படித்து எரிச்சல் அடங்கவில்லை. பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ கேட்டுக்கொண்டதால் அவருக்காக எழுதப்பட்டு, 1967இன் இறுதியில் பாரிஸில் அவரும் கெய்ன்ஸ்பூரும் சேர்ந்து பாடிப் பதிவான பாடல் அது. பார்தோவின் கணவரான ஜெர்மன் செல்வந்தர் குந்தர் சாக்ஸ் கொதித்தெழுந்ததால், வெளியிட வேண்டாம் என்று பார்தோ மன்றாட, கெய்ன்ஸ்பூர் நிறுத்தி வைத்தார். 1967ஐ மறைத்துவிட்டு யாரும் வரலாறு பேச வேண்டாம்.

மாலைராகம்:
நான் எதையும் மறைக்கவில்லை. பூட்டி வைக்கப்பட்ட நாடாவை உலகில் எத்தனை பேர் கேட்டார்கள்? உலகம் கேட்டது 1969இல் வெளிவந்த மறுபதிவில் பர்க்கினின் குரலை. பிபிசி அதைத் தடை செய்தது. ஃபோன்டானா நிறுவனம் பிரிட்டனில் இரண்டாம் இடத்தில் இருந்த இசைத்தட்டையே திரும்பப் பெற்றுக்கொண்டது. பிறகு மேஜர் மைனர் நிறுவனம் வெளியிட, அதே ஆண்டு அக்டோபரில் அது முதலிடத்துக்கு வந்தது. பிறமொழிப் பாடல் ஒன்று அங்கே முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை.

இசைத்தட்டுப் பிரியன்:
விற்பனைப் பட்டியலைக் காட்டிப் பாடலின் பிறப்பைத் தீர்மானிக்கும் அறிவாளிகளுக்கு இன்னொரு முறை சொல்கிறேன்: 1967. மிஷெல் கொலோம்பியேயின் இசையமைப்போடு முழுமையாக முடிந்த பதிவு அது. அரைகுறை ஒத்திகை அன்று.

ஒலிக்கூடத்தார்:
ஐயா, ஆண்டை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் போதுமா? பர்க்கின் பாடிய லண்டன் பதிவுக்கு இசையை ஒழுங்கமைத்தவர் ஆர்தர் கிரீன்ஸ்லேட். பார்தோவைவிட ஒரு ஸ்தாயி உயர்த்திப் பாடும்படி கெய்ன்ஸ்பூரே கேட்டதாகவும், சிறுவனின் குரல்போல ஒலிக்க வேண்டும் என்று அவர் விரும்பியதாகவும் பர்க்கின் கூறியிருக்கிறார். அந்த ஒரு ஸ்தாயியில் பாடலின் இயல்பே மாறிவிட்டது.

இசைத்தட்டுப் பிரியன்:
ஸ்தாயியை உயர்த்தினால் உரிமை மாறிவிடுமா? வேறொரு பெண் அதைப் பாடிவிடக் கூடாது என்பதற்காகவே பாடச் சம்மதித்ததாகப் பர்க்கினே சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை. 1967இல் பார்தோ பாடினார்.

மாலைராகம்:
முன்பு நடந்த மோனோ, ஸ்டீரியோ (ஒற்றைத்தட, இரட்டைத்தட ஒலிப்பதிவு) விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதி மற்றவர்களைச் சோர்வடையச் செய்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. பர்க்கினின் மனநிலையை இழுத்து வந்து அவருடைய பாட்டைச் சிறுமைப்படுத்துவது பண்பன்று.

இசைத்தட்டுப் பிரியன்:
அந்த விவாதத்திலும் நான் சொன்னதே சரி. பார்தோவின் பதிவு 1986இல் வெளிவந்தபோது யாரும் புதிதாகப் பாடவில்லை, கெய்ன்ஸ்பூர் புதிதாக ஒரு வரியும் எழுதவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் உறையில் கிடந்த அதே குரல்கள்தாம் ஒலித்தன. அந்தக் குரல்களின் வயதை எந்தத் தடையும் எந்த முதலிடமும் குறைக்க முடியாது.

ஒலிக்கூடத்தார்:
1986இல் அந்தத் தட்டை வாங்கியவர்கள் பர்க்கினின் பாடலை மனத்தில் வைத்துக்கொண்டே வாங்கியிருப்பார்கள். ஸ்தாயியைப் பற்றி நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

இசைத்தட்டுப் பிரியன்:
சொல்லிவிட்டேன். 1967.