ஏர்பஸ்ஸில் த்ராட்டில் ஏன் அசைவதில்லை?

கேள்வி: போயிங் 777 விமானி அறைக் காணொளிகளில், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் நெம்புகோல்கள் தாமாகவே முன்னும் பின்னும் நகர்கின்றன; ஏர்பஸ் ஏ320-இலோ ஒரே இடத்தில் நிற்கின்றன. அங்கே தானியங்கி உந்துவிசை இயங்குவதில்லையா?

பதில் 1: இயங்குகிறது ஐயா. நெம்புகோலை ‘சிஎல்’ (க்ளைம்ப், அதாவது மேலேற்றம்) எனக் குறித்த பள்ளத்தில் வைத்துவிட்டால் அதுவே உச்சவரம்பாகிவிடும். அதற்குட்பட்டுத் தேவையான உந்துவிசையைக் கணினியே எஞ்சினுக்கு மின்சமிக்ஞையாக அனுப்பும். போயிங்கில் சிறு மோட்டார் நெம்புகோலையே நகர்த்துவதால், கை வைத்திருப்பவருக்கு மாற்றம் உடனே புலப்படும். எனக்கு அதுவே பிடித்தமானது.

பதில் 2: அதுவும் கைகொடுக்காமல் போனதுண்டு. 2013 ஜூலை 6 அன்று சான்பிரான்சிஸ்கோவில் தரையிறங்க வந்த ஏசியானா நிறுவனத்தின் 214-ஆம் எண் விமானம், ஒரு 777தான். தானியங்கி, நெம்புகோல்களை நகர்த்தாமல் விட்டுவிடும் ‘ஹோல்ட்’ நிலைக்குப் போனதால் நெம்புகோல்கள் பின்னிழுத்தபடியே நின்றுவிட, 137 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) இருக்க வேண்டிய வேகம் ஏறத்தாழ 103 வரை சரிந்தது. மூவர் இறந்தனர்.

கேட்டவர்: அந்த நிலை விமானிக்கு எங்கே தெரியும்?

பதில் 2: முதன்மைத் திரையின் மேல்விளிம்பில், இடக்கோடியில், சிறிய பச்சை எழுத்துகளில்.