அட்-சேனலுக்கு ‘ஊர்விளி’ சரியா?

வணக்கம்.

ஸ்லாக் போன்ற அலுவலக அரட்டைச் செயலிகளில் ‘அட்-சேனல்’ (@channel) என்று தட்டினால் அந்த சேனலில், அதாவது அரட்டை அறையில், உள்ள எல்லார் கைப்பேசியும் ஒலிக்குமே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு வந்த சொற்களில் ‘கூட்டு அறிவிக்கை’ எனக்கு ஒட்டவில்லை. பத்து அறிவிக்கைகளை ஒன்றாக மடித்துக் காட்டுவதற்கு அந்தப் பெயர் தேவைப்படும். ‘தண்டோரா’ கேட்டவுடன் பிடிக்கிறது. ஆனால் சாதி பார்த்து ஒரு சாராரின் தலையில் கட்டிய வேலை அது. 2022-இல் தமிழ்நாடு அரசே அதை நிறுத்தச் சொல்லி ஆட்சியர்களுக்கு எழுதியது. வேண்டாம்.

என் யோசனை ‘விளி’. ‘கண்ணா, வா’ என்று பள்ளியில் படித்த எட்டாம் வேற்றுமைதான். ஒருவர் பெயரை அட் போட்டு அழைப்பதும் அதே வேலை. விளித்தார், விளிக்காதே என்று வினையாகவும் வளைகிறது. விழியோடு குழம்பும் என்பார்கள். நள்ளிரவில் விளித்தால் எல்லாரும் விழிக்கத்தானே செய்கிறார்கள்!

சிக்கல் அடுத்த படியில்தான். ஸ்லாக்கில் அட்-சேனல் எல்லாரையும் எழுப்பும். அட்-ஹியர் அப்போது இணைப்பில் இருப்பவர்களை மட்டும் அழைக்கும். டிஸ்கார்டில் எல்லாரையும் அழைக்க அட்-எவ்ரிஒன், கூகுள் சாட்டில் அட்-ஆல். பெயர்களை அப்படியே மொழிபெயர்த்தால் செயலிக்கொரு சொல் முளைக்கும். யாரைப் போய் எட்டுகிறது என்பதைத்தான் சொல் காட்டவேண்டும்.

தொல்காப்பியத்தின் விளிமரபு அருகில் இருப்பவரை அழைப்பதையும் தொலைவில் இருப்பவரை அழைப்பதையும் பிரித்தே பேசுகிறது. அண்மைவிளி, சேய்மைவிளி என்றே வைக்கலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. பொருந்தவில்லை. அமெரிக்காவில் விழித்திருப்பவர் ‘ஹியர்’. டீ குடிக்கப் போன பக்கத்து மேசைக்காரர் இல்லை. இங்கே தூரம் கணக்கில்லை, ஆள் இருக்கிறாரா என்பதே கணக்கு. ஆகவே, அவையில் இருப்போருக்கு அவைவிளி, இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் ஊர்விளி. தனிக் குழுவுக்குக் குழுவிளி, அதில் பேச ஒன்றுமில்லை.

‘ஊர்’ என்ற கனம் வேண்டுமென்றே போட்டது. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருநாள் இரவு ஒன்றரை மணிக்குக் கைப்பேசி அலறியது. சர்வர் விழுந்துவிட்டது என்று பதறி எழுந்தேன். கலிஃபோர்னியா அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேக் மீந்துவிட்டதாம். அடுத்த நிமிடம் இன்னொருவர், ‘தயவுசெய்து இங்கே அட்-சேனல் போடாதீர்கள்’ என்று அட்-சேனல் போட்டே எழுதினார். இத்தனை பேருக்கு, இத்தனை நேர மண்டலங்களில் போகும், சரிதானா என்று ஸ்லாக் கேட்கத்தான் செய்கிறது, யார் படிக்கிறார்கள்? ‘இது ஊர்விளி, 412 பேரை எழுப்பும், அனுப்பலாமா?’ என்று தமிழில் கேட்டால், கேக்குக்காக ஊரைக் கூட்டவேண்டுமா என்று கை கொஞ்சம் தயங்கும்.

ஒரு நெருடல் எனக்கே இருக்கிறது. தண்டோராவைத் தள்ளிவிட்டு ஊரைப் பிடித்தால், ‘ஊர் என்றால் சேரி சேராதே’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அது உறுத்துமென்றால் ‘முழுவிளி’ என்று வைத்துக்கொள்வோம். சப்பென்று இருக்கிறது, ஆனால் யாரையும் வெளியே நிறுத்தாது. அவைவிளிக்கு மறுப்பு இருந்தாலும் சொல்லுங்கள். இந்த வாரம் இடைமுகச் சரங்களை, அதாவது செயலியின் திரையில் வரும் சொற்களை, மொழிபெயர்க்க உட்காருகிறேன், அதற்குள் ஒன்றை முடிவு செய்யவேண்டும்.