சுட்டலா, எடுத்தாட்சியா? இயற்கணித ஆய்வாளரின் பங்களிப்பை எழுத ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

இயற்கணித ஆய்வாளர் ஒருவரைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே சொல் இடறுகிறது. ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் தம் துணைநூற்பட்டியலில் குறிப்பதை (citation) ‘இக்கட்டுரை 40 மேற்கோள்கள் பெற்றது’ என்று எழுதி வருகிறோம். மேற்கோள் என்றால் பிறர் சொன்னதை அவர் சொல்லிலேயே எடுத்துத் தருவது. குறள் மேற்கோள், பாரதி மேற்கோள் என்கிறோமே, அதுபோல. வளையம் (ring), குலம் (group) ஆகிய இயற்கணித அமைப்புகளைப் பற்றிய கட்டுரையில் யாரும் யாருடைய வாசகத்தையும் எடுத்துத் தருவதில்லை. ‘இத்துணைத்தேற்றம் [7]-இல் நிறுவப்பட்டது’ என்று எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். தவிர, சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் மரபில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வரும்போது மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. கணிதத்துக்கு மிகவும் வேண்டிய பொருள் அது. அந்தச் சொல்லை அதற்கே விட்டுவைக்கலாம்.

என் பரிந்துரை ‘எடுத்தாட்சி’. சொல்லாட்சி போன்ற அமைப்பு. ‘எடுத்தாண்டார்’ என்று வினையாகவும் இயல்பாக வரும்.

– தரமணி

* * *

> என் பரிந்துரை ‘எடுத்தாட்சி’.

நல்ல சொல்தான் ஐயா. ஆனால் கட்டுரைகளைத் திரட்டிக் கணக்கிடும் தரவுத்தளம் எண்ணுவது ஆட்சியை அன்று. கட்டுரையின் கடைசியில் உள்ள பட்டியலில் பெயர் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். முன்னுரையில் ‘இத்துறையில் பலர் உழைத்துள்ளனர் [3–14]’ என்று ஒரே மூச்சில் அடுக்கினால் 12 கட்டுரைகளுக்கும் ஒவ்வொன்று ஏறிவிடும். அவற்றில் ஒன்றையும் எடுத்தாண்டிருக்க வேண்டியதில்லை.

ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த கணக்கையே (h-index) பாருங்கள். ஒருவரின் n கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது n தடவை பட்டியலிடப்பட்டிருந்தால், அப்படி அமையும் மிகப் பெரிய n தான் அவருடைய எண். 9 கட்டுரைகள் முறையே 48, 21, 12, 9, 6, 5, 3, 1, 0 தடவை பட்டியலிடப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். இறங்குவரிசையில் 5-ஆவது கட்டுரைக்கு 6 இருக்கிறது. 6-ஆவதற்கு 5 தான். ஆகவே எண் 5. முதல் கட்டுரையின் 48 என்பது 480 ஆனாலும் அதே 5 தான். ஆனால் 5-ஆவது கட்டுரையின் 6-இல் இரண்டும், 6-ஆவதன் 5-இல் ஒன்றும் ஆசிரியர் தம்மையே குறித்தவை என்று கழித்தால் இரண்டும் 4 ஆகி, எண்ணும் 4-க்கு இறங்கும். தன்னைத்தான் குறிப்பதற்குத் தனிச்சொல் தேவைப்படுவது இதனால்தான்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல். தலைப்பெழுத்து ஒரு கட்டுரையில் பெயருக்கு முன்னும், வேறொன்றில் பின்னும், மூன்றாவதில் தந்தை பெயராக விரிந்தும் வரும். ஒருவரே மூவராகிவிடுவார், எண்ணும் உடைந்து சிதறும். கணிதக் கட்டுரைகளுக்கான தரவுத்தளமான மேத்சைநெட், எல்லாத் துறைகளுக்குமான கூகுள் ஸ்காலர் இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே எண்ணைத் தருவதும் அரிது. பின்னது முன்வரைவுகளையும் ஆய்வேடுகளையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே எந்தத் தளம், எந்தத் தேதி என்று குறிக்காமல் எண்ணைப் போடவே கூடாது.

எண்ணப்படுவதற்கு ‘சுட்டு’ போதும் என்பது என் கருத்து.

– சேப்பாக்கம்

* * *

இருவர் சொல்வதும் சரி. ஒரு சொல்லைக் கழித்துக்கட்ட வேண்டியதில்லை, இரண்டும் வேண்டும். நன்னூலின் 32 உத்திகளில் ‘தொகுத்துச் சுட்டல்’ ஒன்று, ‘பிறநூல் முடிந்தது தான் உடன்படுதல்’ இன்னொன்று. பிறர் முடித்ததை ஏற்று அதன்மேல் தன் நூலைக் கட்டுவது இரண்டாவது. இயற்கணிதக்காரர் செய்வது அச்சாக அதுதான். அதற்கு எடுத்தாட்சி, பட்டியலில் இடம்பெறுவதற்குச் சுட்டல். இரண்டையும் பிரித்துவிட்டால், இதுவரை தமிழில் சொல்ல முடியாதிருந்த ஒன்றைச் சொல்லலாம்.

ஜெர்மன் கணிதவியலாளர் எம்மி நோதர், வளையத்துக்குள் அமையும் ஐடியல் (ideal) என்னும் சிறப்பு உட்கணங்கள் பற்றிய கட்டுரையை 1921-இல் வெளியிட்டார். இன்று ‘R ஒரு நோதர் வளையம்’ என்று தொடங்கும் கட்டுரைகளில் அந்த 1921 கட்டுரையைப் பட்டியலில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பெயர் வாக்கியத்துக்குள் கரைந்துவிட்டது. எண்ணிக்கையில் ஒன்றும் ஏறாது. இதைச் ‘சுட்டலிலா எடுத்தாட்சி’ எனலாம். முன் மடலில் வந்த [3–14] அடுக்கு இதற்கு நேர் எதிர், ‘ஆட்சியிலாச் சுட்டல்’.

நம் சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்தை நிறுவிய கணிதவியலாளர் சேஷாத்ரியையும் இங்கே நினைக்க வேண்டும். இயற்கணித வடிவியலில் சேஷாத்ரி மாறிலி என்ற கருத்தை அவர் பெயரால் அறிமுகப்படுத்தியவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் டெமாயி. அதைப் பற்றி எழுதுவோர் வரிக்கு வரி சேஷாத்ரி பெயரை எழுதுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அவருடைய மூலத்தைச் சுட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஃபைட், தாம்சன் இருவரும் 1963-இல் வெளியிட்ட, ஒற்றைப்படை எண்ணிக்கையில் உறுப்புகள் கொண்ட குலங்கள் பற்றிய தேற்றத்தின் நிறுவலோ 255 பக்கம். அத்தனை உழைப்பும் ஹிர்ஷ் கணக்கில் ஒரே ஒரு கட்டுரை.

ஒரே ஒரு திருத்தம்: ‘சுட்டு’ என்று நிறுத்த வேண்டாம், ‘சுட்டல்’ என்றே வைப்போம். ‘சுட்டுத் தாக்கம்’ என்று எழுதினால் துப்பாக்கிச் சூட்டுச் செய்தி போல இருக்கிறது. ‘சுட்டல் தாக்கம்’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

– மயிலாப்பூர்

* * *

ஏற்கிறேன். ‘சுட்டெண்’ (index) என்பதையும் இங்கே தவிர்க்க வேண்டும். அது பல துறைகளில் வேறு பொருளில் ஏற்கெனவே புழங்குகிறது. ‘சுட்டல் சுட்டெண்’ வாயிலும் நுழையாது. ‘ஹிர்ஷ் எண்’ போதும். தன்னைத்தான் சுட்டுவது ‘தற்சுட்டல்’ (தற்சிறப்பு, தற்சார்பு போல). கூட்டாசிரியர் பெயர்களைக் கணிதத்தில் வழக்கமாக அகரவரிசையில் இடுவதால், ‘முதலாசிரியர்’ என்ற பெருமைச்சொல்லை இவ்வகைக் கட்டுரைகளில் ஆளவே வேண்டாம்.

எழுதிப் பார்த்த வாக்கியம்: ‘மேத்சைநெட் கணக்கில், இன்ன தேதி வரை, இவருடைய 9 கட்டுரைகளுக்கு 105 சுட்டல்கள், தற்சுட்டல்கள் 3, அவை நீங்கலாக ஹிர்ஷ் எண் 4. இவருடைய பிரிப்புத் தேற்றம் பாடநூல்களில் சுட்டலின்றியே எடுத்தாளப்படுகிறது.’ கடைசி வாக்கியத்துக்கு எந்தப் பாடநூல், எந்தப் பக்கம் என்று அடிக்குறிப்பு கட்டாயம். இதில் யாருக்கேனும் சந்தி உறுத்தினால் சொல்லுங்கள்.

– தரமணி